இ.சி.ஆர் மனை: வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை வித்துப் பாருங்க



"சார், மாமல்லபுரம் பக்கத்துல ஒரு பிளாட் பார்த்திருக்கேன். சதுரஅடி 2,500 ரூபாய். டோக்கன் கொடுத்துடலாமா?"

போனஸ் வர்ற மாதங்களில் இந்தக் கேள்வி எனக்கு வராத வாரமே கிடையாது. கேட்கிறவர்களுக்கு பெரும்பாலும் முப்பது வயசுக்குள்தான் இருக்கும். ஓ.எம்.ஆரிலோ மறைமலை நகரிலோ வேலை, கையில் ஏழெட்டு லட்சம் சேமிப்பு, வீட்டில் "மண்ணுல போட்டா வீண் போகாது"ன்னு சொல்ற அப்பா.

நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "இதை யாருக்கு விக்கப் போறீங்க?"

"இன்னும் வாங்கவே இல்லையே சார்"னு சிரிப்பாங்க. குடியிருக்க வீடு வாங்கறதுன்னா இந்தக் கேள்வி தேவையில்லை. ஆனா முதலீடுன்னு சொல்லிட்டா, ஒரு நாள் அதைப் பணமாக்கியே ஆகணும். அன்னைக்கு உங்க எதிரில் உட்காரப் போற ஆள் தனியா வர மாட்டார். அவரோட வக்கீல் வருவார், அவருக்குக் கடன் தர்ற வங்கி வரும். அந்த மூணு பேரும் "சரி"ன்னு சொன்னால்தான் உங்க மனை முதலீடு. அதனால டோக்கன் கொடுக்கறதுக்கு முன்னாடியே அந்த மூணு பேர் கண்ணால அதைப் பார்த்துடணும்னு சொல்றேன். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரைக்கும் இன்னைக்கு விளம்பரத்தில் வர்ற பல மனைகள் இந்தப் பரீட்சையில் தேறாது என்பது என் கருத்து. ஏன்னு வரிசையா பார்ப்போம்.

வரைபடத்தில் இருக்கிற ரயில்

மனை விளம்பரங்களில் "வரப் போகுது" என்ற வார்த்தைக்குத்தான் விலை அதிகம். ஒரே ஒரு உதாரணம் பாருங்க. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியா கடலூருக்குக் கிழக்குக் கடற்கரை ரயில் பாதை. 2000-களின் கடைசியிலேயே ரயில்வே பட்ஜெட்டில் இடம் பிடித்த திட்டம் இது. மாமல்லபுரத்துக்கு இன்னும் ரயில் வரவில்லை. அந்த ரயிலை நம்பி அன்னைக்கு மனை வாங்கினவர், இத்தனை வருஷமா அதற்கான விலையையும் வட்டியையும் கொடுத்துட்டு காத்திருக்கார்.

அடுத்தது நிகழ்ச்சிகள். 2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தார்கள். 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. இரண்டும் ஊருக்குப் பெருமை, சந்தேகமில்லை. ஆனா வந்தவங்க ஹோட்டலில் தங்கிட்டுத் திரும்பிப் போனாங்க. அங்கே நிலையா குடியிருக்க, வாடகை கொடுக்க, உங்க மனையை வாங்க ஆள் வேணும்னா, பக்கத்தில் வேலை வேணும், பஸ், ரயில், பள்ளிக்கூடம் வேணும்.

ஜி.எஸ்.டி சாலைப் பக்கம் இது ஓரளவு இருக்கு. கடற்கரை – செங்கல்பட்டு மின்சார ரயில் தினமும் ஓடுது. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தாச்சு. பரனூரில் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் வேலை இருக்கு. இதெல்லாம் கண்ணால பார்க்கக்கூடிய விஷயங்கள். ஆனா அங்கேயும் ஒரு எச்சரிக்கை. மறைமலை நகரில் 1990-களிலிருந்து இருந்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஒரே தொழிற்சாலையை நம்பி இருக்கிற தெருவுக்கு அந்த அறிவிப்பு என்ன செய்யும்னு யோசிச்சுப் பாருங்க. வாடகைக்கு வர்ற ஆள் நாலு வேறு வேறு கம்பெனிகளில் வேலை பார்க்கிற இடமா இருந்தால் நல்லது.

அடுத்தவரின் வக்கீல் என்ன கேட்பார்?

"அப்ரூவ்டு சார், பட்டா கிளியர் சார்"னு புரோக்கர் சொல்வது முதல் படி மட்டுமே. இந்தப் பகுதிக்கே உரிய சில கேள்விகள் இருக்கு.

அங்கீகாரம்: 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யத் தடை விதித்தது ஞாபகம் இருக்கா? நேத்து வரைக்கும் கைமாறிட்டிருந்த மனைகள் மாதக்கணக்கில் முடங்கின. பத்திரம் கையில் இருந்தும் அவசரத்துக்கு விற்க முடியவில்லை. பிறகு 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. அதுவும் 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி உருவான மனைப்பிரிவுகளுக்கு. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க. இடத்தைப் பொறுத்து சி.எம்.டி.ஏ அல்லது டி.டி.சி.பி அங்கீகாரம் வேணும். 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு மனைக்கு மேல் போற புதுத் திட்டத்துக்கு ரேரா பதிவு எண்ணும் வேணும். அந்த எண்ணை டி.என்.ரேரா இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்க.

கடல்: அலை ஏறி வர்ற உயர் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரைக்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அதாவது சி.ஆர்.இசட். கிராமப்புறக் கடற்கரையில் தண்ணியை ஒட்டின பகுதியில் புதுக் கட்டடம் பொதுவா கூடாது. 2011 அறிவிக்கையில் இது 200 மீட்டர். 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கமா வாழும் இடங்களில் 50 மீட்டராகக் குறைத்தது. கடல்நீர் ஏறி இறங்குகிற கழிமுகம், கால்வாய் ஓரங்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. "பீச் டச் பிளாட்"னு கூடுதல் விலை சொல்லும்போது, அந்த "டச்"சாலேயே கட்ட முடியாமல் போகலாம் என்பதை யாரும் சொல்ல மாட்டாங்க. கொச்சி மரடுவில் என்ன நடந்தது? 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு அடுக்குமாடி வளாகங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 300-க்கும் மேற்பட்ட ஃபிளாட்டுகள். அங்கே வாங்கினவங்களிடமும் பத்திரம் இருந்தது, வரி ரசீது இருந்தது.

சிற்பங்கள்: மாமல்லபுரம் 1984 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். பாதுகாக்கப்பட்ட ஒவ்வொரு சின்னத்தைச் சுற்றியும் 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டணும். 2010-ல் வந்த சட்டத் திருத்தம் இது. கடற்கரைக் கோயிலைச் சுற்றி மட்டும்னு நினைக்காதீங்க. சில கிலோமீட்டர் வடக்கே சாளுவன்குப்பத்தில் புலிக்குகை இருக்கு. ஊர் முழுக்க இப்படிச் சின்னச் சின்ன வட்டங்கள் இருக்கு.

வேறு வட்டங்களும் உண்டு. கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றி, மக்கள்தொகை பெருகாமல் இருக்க வளர்ச்சிக் கட்டுப்பாடு உள்ள பகுதி இருக்கு. மதுராந்தகம் பக்கம் போனா, வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் பறவைகள் சரணாலயமாக 1998-ல் அறிவிக்கப்பட்டது.

அடுத்தது, இந்த மாவட்டத்தின் சரித்திரமே ஆன பஞ்சமி நிலம். 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், இங்கிருந்த தலித் மக்களின் நிலைமையை அரசுக்கு அறிக்கையாக எழுதினார். அதைத் தொடர்ந்து 1892-ல் அரசாணை வந்து, அவர்களுக்கு நிபந்தனையோடு நிலம் ஒப்படைக்கப்பட்டது. முதல் பத்து வருஷம் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் அதே மக்களுக்குள் மட்டும்தான் கைமாறலாம். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் காரணை கிராமத்து பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் உயிரிழந்தார்கள்.

முதலீடு பத்தின பதிவில் இதை ஏன் சொல்றேன்? நிபந்தனையை மீறி கைமாறின நிலம் எத்தனை பத்திரம் தாண்டி வந்தாலும் அந்தக் குறை அதிலேயே இருக்கும். கடைசியா வாங்கினவர் அப்பாவி என்பதால் நிலம் சுத்தமாகிவிடாது. அதைவிட முக்கியம், அது இன்னொருத்தருக்காக ஒதுக்கின மண். சதுரஅடி விலை மட்டும் பார்த்து அதில் கை வைக்கக் கூடாது. உங்க வக்கீலிடம் இப்படிக் கேளுங்க: "தாய்ப் பத்திரம் மட்டும் பார்க்காம, கிராம 'அ' பதிவேடும், 1980-களில் நடந்த யு.டி.ஆருக்கு முந்தைய பழைய பதிவேடும் பார்த்தீங்களா?" கோயில் நிலம், வக்ஃப் நிலம், மேய்க்கால், ஏரிப் புறம்போக்கு எல்லாம் அங்கேதான் தெரிய வரும். விற்கிற கம்பெனி கொடுக்கிற லீகல் ஒப்பீனியன் அவங்க வக்கீல் எழுதினது. நீங்க தனியா ஒரு வக்கீலுக்குக் கொடுக்கிற ஃபீஸ் இந்த மொத்த டீலிலேயே சிக்கனமான செலவு.

வில்லங்கச் சான்றை இப்படிப் படிங்க

ஈ.சி எடுக்கறது எல்லாருக்கும் தெரியும். அடமானம் இருக்கா, இல்லையான்னு பார்த்துட்டு மூடி வச்சுடுவாங்க. எனக்கு அது ஒரு மார்க்கெட் ரிப்போர்ட்.

பதிவுத்துறை இணையதளத்தில் அந்த லேஅவுட்டின் சர்வே எண்ணைப் போட்டு, கடைசி சில வருஷத்துக்கு ஈ.சி பாருங்க. ஒவ்வொரு கிரயத்திலும் எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர், தொகை எல்லாம் இருக்கும். விற்றவர் பெயரை மட்டும் வரிசையா படிங்க. எல்லா வரியிலும் அந்த புரமோட்டர் பெயரே இருந்தால், அங்கே வாங்கின யாரும் இன்னும் வெளியே வரவில்லை என்று அர்த்தம். சதுரஅடி விலையை நிர்ணயிப்பது அந்த ஒரே கடைக்காரர். தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்கு விற்ற பத்திரங்கள் நாலைந்து இருந்தால், அங்கே உண்மையிலேயே சந்தை இருக்கு.

இன்னொரு வழியும் சொல்றேன். அந்தப் பகுதியில் வேறு ஒரு புரோக்கருக்கு போன் போட்டு, "இதே லேஅவுட்ல ரீசேல் மனை ஏதாவது வருமா, என்ன விலைக்கு?"ன்னு கேளுங்க. புரமோட்டர் 2,500 சொல்ற இடத்தில் ரீசேல் 1,900-க்குக் கிடைக்குதுன்னா, அதுதான் அந்த மனையோட விலை. மீதி 600 ரூபாய் வேன், சாப்பாடு, தங்கக் காசு, கமிஷன்.

நவம்பரில் போய்ப் பாருங்க

செங்கல்பட்டு ஏரிகளின் மாவட்டம். கொளவாய் ஏரி, மதுராந்தகம் ஏரின்னு பேர் தெரிஞ்சது சில, பேர் மறந்துபோன தாங்கல்கள் பல. 2015 வெள்ளத்தில் முடிச்சூர் எப்படி மூழ்கியதுன்னு டி.வியில் பார்த்திருப்பீங்க. சைட் விசிட் வேன் ஏப்ரல், மே மாதத்தில்தான் சுறுசுறுப்பா ஓடும். நீங்க வடகிழக்குப் பருவமழையில், பெரிய மழை பெய்து இரண்டு நாள் கழிச்சு, வேன் இல்லாமல் சொந்த பைக்கில் போங்க. பக்கத்து டீக்கடையில் "2015-ல இங்க எவ்வளவு தண்ணி நின்னுச்சு அண்ணே?"ன்னு கேளுங்க. கடலோரமா இருந்தா போர் தண்ணி உப்பா, குடிக்க லாரியான்னும் கேளுங்க. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013-லிருந்து இருக்கு என்பதைக்கூட விளம்பரத்தில் போடுவாங்க. ஆனா அந்தத் தண்ணி குழாயில் சென்னைக்குப் போகுது. உங்க மனைக்கு இணைப்பு இருக்கா என்பது வேறு கேள்வி.

இப்போ கணக்கு

1,000 சதுரஅடி, சதுரஅடிக்கு 2,500. விலை 25 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சேர்த்து 2.25 லட்சம். வக்கீல், புரோக்கர், பட்டா மாற்றம், வேலி எல்லாம் 75,000 என்று வைப்போம். மொத்தம் 28 லட்சம்.

கையிலிருந்து 8 லட்சம், கடன் 20 லட்சம். 9 சதவீத வட்டி, 15 வருஷம் என்று எடுத்தால் ஈ.எம்.ஐ சுமார் 20,285 ரூபாய். ஏழு வருஷம் கழிச்சு விற்கறீங்க. அதுக்குள்ள நீங்க கட்டின ஈ.எம்.ஐ சுமார் 17 லட்சம். அதில் வட்டி மட்டும் கிட்டத்தட்ட 10.9 லட்சம். பாக்கிக் கடன் இன்னும் 13.85 லட்சம் இருக்கும்.

ஆக, நிலத்துக்கு நீங்க செலவழிச்சது 28-ம் 10.9-ம் சேர்த்து 38.9 லட்சம். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. இந்த வட்டியை நிலத்தின் அடக்க விலையோடு சேர்க்கலாமா என்பதில் வழக்குகள் நடந்திருக்கு. அதை நம்பிக் கணக்கு போட வேண்டாம். எல்லாம் போக, நஷ்டமில்லாமல் வெளியே வரவே சுமார் 40.5 லட்சத்துக்கு விற்கணும். அதாவது மனை விலை வருஷா வருஷம் 7 சதவீதம் ஏறினால் உங்க லாபம் பூஜ்யம்.

சரி, "ஏழு வருஷத்துல டபுள் சார்" என்ற புரோக்கர் வாக்கு அப்படியே பலிக்குதுன்னு வைப்போம். 50 லட்சத்துக்கு விற்கறீங்க. புரோக்கருக்கு 1 லட்சம், வரி சுமார் 2.6 லட்சம், கடனை அடைக்க 13.85 லட்சம். கையில் மிஞ்சுவது சுமார் 32.5 லட்சம். நீங்க போட்டது 8-ம் 17-ம் சேர்த்து 25 லட்சம். லாபம் ஏழரை லட்சம். பணம் போட்ட தேதிகளை வைத்துக் கணக்கிட்டால் வருஷத்துக்கு 5.5 சதவீதம் அளவுதான் வருது. விலை டபுளே ஆனாலும் உங்களுக்குக் கிடைப்பது எஃப்.டி அளவு வருமானம்.

கூடவே மூணு விஷயம். வெறும் மனைக்கு வாங்கின கடன் வட்டிக்கு, வீடு கட்டாத வரை வருமான வரிச் சலுகை கிடையாது. மனையிலிருந்து வாடகை வராது. நீங்க கொடுக்கிற வீட்டு வாடகையும் குறையாது. மூணாவது, "பத்திரத்துல 12 லட்சம் போடுவோம், மீதி கேஷ்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. நாளைக்கு நீங்க விற்கும்போது உங்க அடக்க விலை அந்த 12 லட்சம்தான். மீதிக்கெல்லாம் லாபம் என்று வரி கட்டணும். வங்கியும் பத்திரத் தொகையைத்தான் பார்க்கும். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமா வாங்கினா, வாங்கின தொகை அளவுக்கே அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கு.

"எங்க அப்பா வாங்கினாரே?"

நியாயமான கேள்விதான். கூடுவாஞ்சேரியிலும் ஊரப்பாக்கத்திலும் முப்பது வருஷம் முன்னாடி மனை வாங்கின குடும்பங்கள் நல்லா இருக்காங்க. ஆனா அவங்க எப்படி வாங்கினாங்கன்னு பாருங்க. பெரும்பாலும் சேமிப்பிலோ பி.எஃப் பணத்திலோ வாங்கி, அதிலேயே வீடு கட்டிக் குடியேறினாங்க. வாடகை மிச்சமாச்சு. நகரம் அவங்களைத் தேடி வந்தது. இன்னைக்கு உங்களுக்கு விற்கும்போது, நகரம் வரப் போகுது என்ற நம்பிக்கைக்கும் சேர்த்தே விலை போட்டுத்தான் விற்கறாங்க. அப்பாவுக்குக் கிடைத்த லாபத்தின் பெரும்பகுதியை இப்போ புரமோட்டர் முதல் நாளே எடுத்துக்கறார்.

"ஈ.எம்.ஐ இருந்தாத்தான் சேமிப்பேன்"னு சிலர் சொல்வாங்க. அதிலும் உண்மை இருக்கு. ஆனா 60,000 சம்பளத்தில் 20,000 ஈ.எம்.ஐ போனா, பிடிக்காத வேலையை விட முடியாது, மேல்படிப்புக்கு யோசிக்க முடியாது, அம்மாவுக்கு ஆபரேஷன்னா நகை அடகுக் கடைக்குப் போகும். ஆறு மாதம் கழிச்சுத்தான் விலை போகிற மனை அந்த நேரத்தில் உதவாது. இருபத்தெட்டு வயசில் இருக்கிற பெரிய சொத்து, வேலை மாறி சம்பளத்தை உயர்த்துகிற சுதந்திரம். அதைப் பதினைந்து வருஷத்துக்கு அடமானம் வைக்கறதுன்னா, வாங்கற பொருள் அந்த விலைக்குத் தகுதியா இருக்கணும்.

அப்போ எப்பத்தான் வாங்கலாம்?

நிலமே வாங்காதீங்கன்னு நான் சொல்லவில்லை. இந்த ஐந்தும் சேர்ந்தால் தாராளமா யோசிக்கலாம்:

1. அங்கீகாரம், ரேரா எண், பழைய பதிவேடுகள் எல்லாம் உங்க சொந்த வக்கீல் பார்த்து எழுத்தில் கொடுத்திருக்கணும்.
2. ஈ.சி-யில் தனி ஆள் தனி ஆளுக்கு விற்ற பத்திரங்கள் இருக்கணும்.
3. ராத்திரி எட்டு மணிக்கு அந்தத் தெருவில் போனால் வீடுகளில் விளக்கு எரியணும். ரயில் நிலையமோ பஸ் நிறுத்தமோ நடக்கிற தூரத்தில் இருக்கணும்.
4. பெரிய மழைக்குப் பிறகும் தரை தெரியணும்.
5. கைக்கு வர்ற சம்பளத்தில் ஈ.எம்.ஐ கால் பங்கைத் தாண்டக் கூடாது. ஆறு மாதச் செலவுக்கான பணம், டேர்ம் இன்ஷூரன்ஸ், மருத்துவக் காப்பீடு மூணும் அதற்கு முன்னாடியே இருக்கணும்.

இப்படித் தேடினா உங்களுக்குக் கிடைப்பது கடல் காற்று வீசும் மனையா இருக்காது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஏதோ ஒரு சாதாரணத் தெருவில், சாதாரண மனையா இருக்கலாம். இன்ஸ்டாகிராமில் போட்டோ போட அதில் ஒண்ணும் இருக்காது. ஆனா அதை வாங்க நாளைக்கே இன்னொரு சம்பளக்காரர் வருவார், அவருக்கு வங்கி கடன் கொடுக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சைட் விசிட் வேன் உங்களைக் கூப்பிட வந்தா, "அடுத்த வாரம் வர்றேன்"னு சொல்லிடுங்க. முதலில் சர்வே எண்ணை மட்டும் வாங்கிக்கோங்க. வீட்டில் உட்கார்ந்து ஈ.சி-யைப் படிக்க ஒரு மணி நேரம் போதும். சர்வே எண் தர யோசிக்கிற இடத்தில் உங்களுக்கு வேலையே இல்லை.